பத்தில் ஒட்டிய கறுப்பு டேப்

காளி,

திருச்செங்கோடு, 6 ஜனவரி 2025, திங்கள், மாலை 4.10. நீ வாசித்து அனுப்பியது மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. அதில் சத்தம் வெட்டுப்பட்ட இடங்கள் நாற்பத்தொன்று. இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

ஃபோனில் சொன்னால் நீ "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுகிறாய். அதற்கும் நீ கேம்ப்பை விட்டுப் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அதனால் எழுதுகிறேன். காகிதத்தைப் புரியும்வரை திரும்பத் திரும்பப் படிக்கலாம். உனக்கு அது தேவைப்படும்.

அந்த ஆம்ப் மாடலர் பெட்டியை உனக்கு ஏன் கொடுத்தேன்? சத்தீஸ்கர் காட்டுக்குள் போர் போடுகிற ரிக் வண்டியோடு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால். கிடார் வயரைச் செருகினால், எந்த ஆம்ப்ளிஃபயர் எப்படி ஒலிக்குமோ அதைப் பெட்டி கணக்குப் போட்டு ஒலிக்கும். மெமரி கார்டில் பதிந்தும் தரும்; அதில் இருக்கும் சின்ன மைக், பக்கத்தில் கேட்கும் சத்தத்தையும் சேர்த்துப் பதியும். ஆனால் அதன் வாசலுக்கு ஒரு உயரம் உண்டு. அதற்கு மேல் வரும் சத்தத்தைத் தலையை வெட்டிவிட்டுத்தான் உள்ளே விடும். வட்டமாக இருக்க வேண்டிய அலை மேலே தட்டையாகிவிடும். காதில் ‘டப்’ என்று விழும். வெட்டிய தலையை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. பெட்டி மேல் சிவப்பு விளக்கு எரிகிறதே, அது இதைச் சொல்லத்தான். அலங்கார விளக்கு இல்லை.

‘ஆம்ப் உறுமுதே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே’ என்று கேட்காதே. யூடியூபில் தொப்பி போட்டவன் எவனாவது அப்படிச் சொல்லியிருப்பான். உறுமல் வேறு, வெட்டு வேறு. தனப்பிரியா தன் படத்துக்குக் கேட்டிருப்பது உறுமலே இல்லாத சுத்தமான கிடார்.

எனவே பெட்டியில் கெயின் குமிழை ஏழிலிருந்து நாலுக்குக் கொண்டுவா. அவுட்புட்டைப் பாதியாக்கு. கிடாரில் இருக்கும் வால்யூம் குமிழை மட்டும் தொடாதே. அதைப் பத்தில் வைத்து நான் கறுப்பு டேப் சுற்றியிருப்பது காரணமாகத்தான். ரிக்குக்கு நான் செய்து கொடுக்கும் கன்ட்ரோல் போர்டுகளிலும் இப்படித்தான், டிரைவரும் ஹெல்ப்பரும் திருகக் கூடாத குமிழுக்கெல்லாம் டேப். இல்லையென்றால் நீ பாட்டுக்கு ஒரு நாள் எட்டில் வைப்பாய், ஒரு நாள் ஆறில் வைப்பாய். பதிவுகள் எனக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

பிப்ரவரி 28க்குள் தனப்பிரியா படத்தை அனுப்ப வேண்டும். ரிக் வண்டிக்காரர்களின் வீடுகளைப் பற்றிய படத்துக்கு ரிக்கிலேயே வேலை செய்கிறவன் வாசிக்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக இருக்கிறாள். நான் இல்லை.

சாமான் வண்டியில் நாச்சிமுத்து அண்ணன் கொண்டுவருபவை: எலுமிச்சை ஊறுகாய், உன் கார்டு, கிடாருக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு.

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அடிக்கிற அடியைப் பார்த்தால்.

நந்தகுமார்

*

ஜஷ்பூர் பக்கம்
14.1.25, பொங்கல்

அன்புள்ள நந்து,

நலம், நலமறிய ஆவல். இதை நீ படிக்காமல் தாண்டிவிடுவாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் இதைத்தான் எழுத வேண்டும்.

இங்கே காலையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் பொங்கல் வைத்தோம். பால் பொங்கும்போது எங்கள் மேஸ்திரி ரிக் ஹாரனை அடித்துவிட்டார். ஊரே ஓடி வந்து, ‘தண்ணி வந்துடுச்சா, எத்தனை அடியில’ என்று கேட்டது. சக்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பினோம். அதற்கே அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொன்ன மாதிரியே கெயின் நாலு, அவுட்புட் பாதி. ஹெட்ஃபோனில் சத்தம் குறைந்தது. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு, அது பாட்டுக்கு எரிகிறது மாப்ள. கெயினை ஒன்றுக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன். அப்போதும் எரிகிறது. அந்தக் குமிழுக்கும் இந்த விளக்குக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. எனக்குப் பட்டதைச் சொன்னேன், நீதான் படித்தவன்.

கார்டில் புதிதாக வாசித்து அனுப்பியிருக்கிறேன். பொங்கலன்று வாசித்ததால் பின்னால் ஒரு சேவல் சத்தம் வரும். அதை எடுத்துவிடாதே, நன்றாக இருக்கிறது.

பிரபாவுக்கு ஆறு மாசம். ஏப்ரலில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ‘அப்ப நீங்க ஊட்டுல இருப்பீங்களா, இல்ல ரிக்குலயேதான் இருப்பீங்களா’ என்று போன வாரம் கேட்டாள். எங்கள் ஓனர் சீசன் நடுவில் லீவு கொடுக்க மாட்டார், போனால் போனதுதான். தனப்பிரியா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: இந்த மூன்று நிமிடம் நன்றாக வந்தால் அவளுடைய சேலம் ரெக்கார்டிங் ரூமில் வருஷம் முழுக்க வாசிக்க வேலை. அதை நம்பித்தான் பிரபாவிடம் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டேன். அதனால் கொஞ்சம் பார்த்துச் செய்.

திட்டுவதை இன்னும் இரண்டு வரி குறைத்தால் தேவலை. அண்ணன் படித்துவிட்டுச் சிரிக்கிறார்.

அன்புடன்,
காளிதாஸ்

*

திருச்செங்கோடு
20 ஜனவரி 2025, திங்கள், காலை 11.25

காளி,

ஐம்பத்தெட்டு. குறையவில்லை, ஏறியிருக்கிறது. சேவலைச் சேர்க்கவில்லை. சேவல் ஒரு இடத்தில்கூட வெட்டுப்படவில்லை, அதற்கு அளவு தெரிந்திருக்கிறது.

இப்போது அலை பாதி உயரத்தில் இருக்கிறது. பாதி உயரத்திலும் தட்டையாகவே இருக்கிறது, வரப்பை மண்வெட்டியால் செதுக்கிவிட்ட மாதிரி. எப்படி முடிகிறது உன்னால்? நீ கம்பியைத்தான் அடிக்கிறாயா, இல்லை பாறையை அடிக்கிற பழக்கத்தில் அடிக்கிறாயா? கிடார் என்பது எண்ணூறு அடி இறக்க வேண்டிய சாமான் இல்லை.

‘குமிழுக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கு’ என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ‘மாதிரி இருக்கு’. எலக்ட்ரானிக்ஸ் மூன்று வருடம் படித்தவன் நான். இரண்டாவது வருடமே ‘பிடிக்கல’ என்று கிடாரோடு எழுந்து போனவன் நீ. பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தாவது பார்த்தாயா? பிரித்திருக்க மாட்டாய். அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருப்பாய்.

கடைசியாகச் சொல்கிறேன். மெனுவில் ‘இன்புட்’ என்று ஒரு எண் இருக்கும். அதை மைனஸ் பன்னிரண்டில் வை. பெயரே இன்புட். இதற்குமேல் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. கையைக் கொஞ்சம் லேசாக வை. டேப்பைத் தொடாதே.

தனப்பிரியா நேற்று பட்டறைக்கே வந்துவிட்டாள். உன் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். ‘வாசிப்பு நல்லாத்தாங்க இருக்கு, அந்த டப்பு டப்புதான்’ என்றாள். வாசிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆயிரம் பேர் கிடைப்பார்கள் காளி. அந்த டப்பை எண்ண நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

பிரபாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. பார்த்தேன்.

பேட்டரி இரண்டு வைத்திருக்கிறேன்.

நந்தகுமார்

*

ஜஷ்பூர்
29.1.25

அன்புள்ள நந்து,

நலம். கம்ப்ரசர் ஹோஸ் வெடித்து இரண்டு நாள் வேலை நின்றது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் பெரிது.

புத்தகத்தின்மேல் டீ கிளாஸ் வைக்கவில்லை. மழையில் நனையாமல் என் துணிப்பைக்குள் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிகிறது. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. கிடார், வாசல், சிவப்பு விளக்கு, அதற்குப் பின்னால்தான் இந்த இன்புட் எண், கெயின் எல்லாம் வரிசையாக வருகிறது. நீ சொன்ன மூன்றுமே விளக்குக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் கிடார் ஒன்றுதான் இருக்கிறது. நீயும் ஒரு தடவை பார்.

இன்புட்டை மைனஸ் பன்னிரண்டில் வைத்தேன். கையை எவ்வளவு லேசாக வைத்தேன் என்றால், மேஸ்திரி ‘என்னப்பா, கிடாருக்குத் தாலாட்டா’ என்று கேட்டார். அப்போதும் பெரிய கம்பி மூன்றும் விளக்கை எரியவைத்துவிடுகிறது.

வேலை நின்ற நாளில் ஜஷ்பூர் டவுனுக்குப் போனேன். அங்கே ஒரு சர்ச்சில் கிடார் வாசிக்கிறவர் பழக்கமாகியிருக்கிறார். அவருடைய கிடாரை நம் பெட்டியில் செருகினோம். பெட்டியில் ஒரு குமிழையும் மாற்றவில்லை. என் கைதான், அதே பாட்டுதான். ஓங்கி ஓங்கி அடித்தேன் நந்து, விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை. திரும்ப நம் கிடாரைச் செருகியதும் எரிந்தது. நாலு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

அவர் நம் கிடாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்குள் எதற்குப் பேட்டரி என்று கேட்டார். அவர் கிடாரில் பேட்டரியே இல்லை. நீதான் ஒவ்வொரு வண்டியிலும் அனுப்புகிறாய், நானும் மாட்டுகிறேன். எதற்கு மாட்டுகிறேன் என்று இத்தனை நாள் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்: எதற்கு?

எங்கள் வேலையில், ஹேமருக்குக் காற்று ஜாஸ்தியாகப் போனால் ஹேமரைத் திட்ட மாட்டோம். கம்ப்ரசரிடம் போய்ப் பார்ப்போம். அதுபோலத்தான் இதையும் நினைத்தேன். தப்பாக இருந்தால் சொல்.

இதற்கு மட்டும் பதில் எழுது. திட்டை அடுத்த வண்டியில் அனுப்பு.

அன்புடன்,
காளிதாஸ்

*

திருச்செங்கோடு
4 பிப்ரவரி 2025, செவ்வாய், மாலை 5.50

காளி,

அறுபத்து மூன்று.

உன் ஆராய்ச்சியைப் படித்தேன். சர்ச் கிடாரில் விளக்கு எரியவில்லையாம், உடனே நம் கிடாரில் கோளாறாம். அந்தக் கிடாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் செத்துப்போயிருக்கும், சத்தமே வராது, பிறகு எப்படி எரியும்? உன் சோதனைக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஹேமர், கம்ப்ரசர் உவமையெல்லாம் ரிக்கோடு வைத்துக்கொள். கம்ப்ரசருக்கு மீட்டர் பார்க்கத் தெரிந்தவன் எல்லாம் சவுண்ட் எஞ்சினியர் ஆகிவிட்டால், பஸ் ஸ்டாண்டில் சோடா விற்கிறவரைக் கூப்பிட்டு ரெக்கார்டிங் செய்யலாம், அவருக்கும் பிரஷர் தெரியும்.

பேட்டரி எதற்கு என்று கேட்கிறாய். கிடாருக்குத்தான். உனக்கு விளக்கிச் சொல்லி நான் எதைக் கண்டேன்?

கோளாறு கையில் இருக்கிறது. கையை மாற்றிக்கொடுக்க எனக்கு ஸ்பேர் கிடைக்காது.

போன ஞாயிறு சேலம் அம்மாபேட்டை போய்த் தனப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன்: ‘காளிதாஸால முடியாதுங்க, அளவு வரல, வேற ஆளப் பாத்துக்குங்க.’ பிறகு அவளே சந்தோஷ்குமாருக்கு ஃபோன் போட்டாள். அவன் வாசிப்பு கல்யாண மண்டபத்து வாசிப்புதான், எல்லாப் பாட்டுக்கும் ஒரே வளைவு. ஆனால் வெட்டுப்படாது. 22ஆம் தேதி அவள் ரூமில் பதிவு. நான்தான் பதிகிறேன்.

திரும்பும் வழியில் சங்ககிரியில் இறங்கிப் பிரபாவிடமும் சொன்னேன். ஏப்ரலில் உன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று. அவள் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். ‘அவரு எங்கிட்டச் சொல்லலீங்களே’ என்றாள். நீ சொல்ல மாட்டாய், அதனால் நான் சொன்னேன்.

பேட்டரி இரண்டு. வாசிப்பதாக இருந்தால் உனக்கே வாசித்துக்கொள்.

நந்தகுமார்

*

ஜஷ்பூர்
11.2.25

நந்தகுமார் அவர்களுக்கு,

கிடாரும் பெட்டியும் நாச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கிடார் என்னுடையதுதான். ஆனால் அதற்குள் இருப்பது எது என்னுடையது, எது உங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்.

குமிழில் இருந்த டேப்பை உரித்துவிட்டேன். பத்திலிருந்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன். விளக்கு எரியவில்லை. ஒரு தடவை வாசித்துக் கார்டில் வைத்திருக்கிறேன். யாருக்கும் அனுப்பச் சொல்லவில்லை.

கடைசியாக அனுப்பிய பேட்டரி இரண்டும் கவர் பிரிக்காமல் கூடவே இருக்கிறது.

பிரபாவிடம் நான் சொல்ல வேண்டியதை நீங்கள் போய்ச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் அன்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குச் சிக்னல் இல்லை.

இனி எழுத வேண்டாம். வண்டிக்காரருக்கும் வேலை மிச்சம்.

காளிதாஸ்

*

திருச்செங்கோடு
16 பிப்ரவரி 2025, ஞாயிறு, காலை 9.40

காளி,

பூஜ்யம்.

மூன்று நிமிடம் இருபது விநாடியில் ஒரு இடம்கூட வெட்டுப்படவில்லை. நம்பாமல் மூன்று முறை பார்த்தேன். அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பார்க்க வேண்டியதை முதலில் பார்க்காமல் பார்க்க வேண்டாததை நூற்றுக்கணக்கில் எண்ணுகிறவனைப் பட்டறையில் நான் ‘எரும’ என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். அந்த வார்த்தையை இங்கே எழுதிக்கொள்.

கிடாரின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே நெருப்புப்பெட்டி அளவில் ஒரு போர்டு. அதன்மேல் மார்க்கர் பேனாவில் ‘நாலு மடங்கு, நந்து, 4.5.23’. என் கையெழுத்து. சங்ககிரி தேர்த் திருவிழா மேடையில் அந்த ஓட்டை ஆம்ப்ளிஃபயருக்கு உன் சத்தம் எட்டவில்லை என்று, அன்று காலையில் உட்கார்ந்து நான் செய்து மாட்டிய பூஸ்டர். கிடார் சத்தத்தை நாலு மடங்காக்கி வெளியே தள்ளுவது அதன் வேலை. அதற்குத்தான் பேட்டரி. வேறு எதற்கும் இல்லை. திருவிழா முடிந்ததும் கழற்ற வேண்டும் என்று நினைத்தேன், மறந்தேன். மறந்தபிறகும் ஒவ்வொரு வண்டியிலும் அதற்குத் தீனி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைக் குறைக்க உன்னிடம் இருந்த ஒரே குமிழையும் பத்தில் வைத்துக் கட்டிவிட்டு, உன்னைத் திட்டினேன்.

முப்பத்தோராம் பக்கத்தையும் பார்த்தேன். நீ சொன்னபடியேதான் படம் இருக்கிறது. பாதி உயரத்தில் தட்டையாக இருந்தால் வெட்டு அதற்கு முன்பே விழுந்துவிட்டது என்று அர்த்தம். அலை பொங்கலன்றே அதைச் சொல்லிவிட்டது. இங்கிலீஷ் பாதி புரிந்தவன் கண்டுபிடித்ததை, முழுக்கப் புரிந்த நான் புத்தகத்தைப் பிரிக்காமலே மறுத்தேன். நாலு முறை கிடாரை மாற்றிப் பார்த்தாயே, அந்தச் சோதனையை என் பட்டறையில் இருக்கும் எவனும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான். நானும்தான்.

கார்டில் பாட்டு முடிந்த பிறகும் பதினோரு விநாடி ஓடுகிறது, நீ நிறுத்த மறந்திருக்கிறாய். மேஸ்திரி கேட்கிறார்: "இத அவனுக்கு அனுப்பப் போறியா?" நீ சொல்கிறாய்: "அனுப்பறனுங்க. ஆனா அவன் எண்ணித்தாங்க பாப்பான். கேக்க மாட்டான்."

அதற்கப்புறம் பாட்டை எண்ணாமல் ஒரு முறை கேட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் நீ நிறுத்தி மூச்சு விடுகிறாய். ஜனவரி 6ஆம் தேதி நான் எண்ணிய முதல் பதிவிலும் அதே இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறாய், இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஆறு வாரமாக அது என் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது.

‘மன்னித்துக்கொள்’ என்று எழுதினால் நீ ‘சரிடா’ என்றுகூடச் சொல்ல மாட்டாய், ‘சரிங்க’ என்பாய். அதனால் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம் என்று சொன்னாய். வண்டியில் கொடுத்து அனுப்பும் கடிதம் இல்லை இது. கையில் கொடுக்கப் போகிறேன்.

நந்து

செய்யப் போவது:

1. இப்போதே அந்தப் போர்டை வெட்டி எடுத்து, பிக்கப் வயரை நேராகக் குமிழுக்குப் பற்றவைப்பேன். எழுதியிருக்கும் பக்கம் தெரிகிற மாதிரி போர்டைப் பட்டறைச் சுவரில் அடிப்பேன்.

2. மதியம் சங்ககிரி போய்ப் பிரபாவிடம், நான் சொன்னது பொய் என்று சொல்வேன். தெரியாமல் சொன்ன பொய் என்று சேர்க்க மாட்டேன். தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதுமாயிருந்தது.

3. அங்கிருந்து அம்மாபேட்டை. தனப்பிரியாவுக்கு உன் கார்டை, கடைசிப் பதினோரு விநாடியோடு சேர்த்துப் போட்டுக்காட்டுவேன். ‘டெக்னிக்கல் பிராப்ளம்’ என்று சொல்ல மாட்டேன். நந்தகுமாரின் பிராப்ளம் என்று சொல்வேன். சந்தோஷ்குமாரிடமும் நானே போய்ச் சொல்வேன்.

4. அவள் மனசு மாறவில்லை என்றால் அதையும் உன்னிடம் நேரில் வந்து சொல்வேன். அந்த 22ஆம் தேதிப் பதிவுக்குப் போக மாட்டேன்.

5. நாளை காலை ஆறு மணிக்குச் சாமான் வண்டியில் கிடாரோடு ஏறுவேன். அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "வா சாமி, ஆனா வழியெல்லாம் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். ஒத்துக்கொண்டேன்.

6. கேம்ப்பில் நீ பேசினால் பேசுவேன். பேசாவிட்டால், நீ வாசிக்கிற பக்கமாக ஒரு கல் பார்த்து உட்கார்ந்து கேட்பேன். அளவை நீ வை.

7. பேட்டரி கொண்டுவர மாட்டேன்.